கரா மைதானத்தில் மாமாவும் நானும்

முதல் நாள்: வியாழன் இரவு, கில்டேர்

எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். காரணம் மாமா. அம்மாவின் அண்ணன், வயது 71, கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பட்டறைக்கும் ரேஸ் கோர்ஸுக்கும் நடுவில் ரயில் பாதை ஒன்றுதான் இடைஞ்சல். 1982-ல் அந்தப் பாதையைத் தாண்டிப் போன ஒரு லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வீடு திரும்பவே இல்லை என்பது குடும்ப வரலாறு.

மூன்று வாரமாக மாமா டப்ளினில் என்னோடு இருக்கிறார். மியூசியம், சர்ச், கடற்கரை என்று கூட்டிப்போன இடத்தையெல்லாம் மரியாதைக்குப் பார்த்தார். போன வாரம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "இந்த ஊர்ல குதிரை எங்கடா ஓடுது?" என்றார். சென்னைக்கு போன் போட்டு அத்தையிடம் அனுமதி கேட்டோம். கிடைத்தது. ஒரே நிபந்தனை: பார்க்கலாம், பணம் கட்டக் கூடாது.

குதிரை எங்கே ஓடுகிறது? இந்தச் சின்னத் தீவில் இருபத்தைந்து சொச்சம் பந்தய மைதானங்கள் இருக்கின்றன. டப்ளினுக்குள்ளேயே லெப்பர்ட்ஸ்டவுன். மேற்குக் கரையில் கால்வே, கோடையில் ஏழு நாள் திருவிழா. மீத் மாவட்டத்தில் லேடவுன் என்ற கடற்கரை ஊரில் 1868-லிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு நாள், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, ஈர மணலில் ஓட்டுகிறார்கள். லேடவுன் கதையைக் கேட்டதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அது நடப்பதற்குள் அவர் ஊர் திரும்ப வேண்டும். அதனால் கில்டேர் மாவட்டத்தில் உள்ள கரா.

ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் 'குர்ராக்' என்று படிக்கத் தோன்றும். இங்கே 'கரா' என்றுதான் சொல்கிறார்கள். ஐரிஷ் மொழியில் குதிரை ஓடும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். 1727-லேயே இங்கே நடந்த பந்தயத்துக்குப் பதிவு இருக்கிறது. ஐரிஷ் டெர்பி என்ற பெரிய பந்தயம் 1866-ல் தொடங்கியது. அதையும் சேர்த்து அயர்லாந்தின் ஐந்து கிளாசிக் பந்தயங்களும் இந்த ஒரே மைதானத்தில்தான் நடக்கின்றன. வேலி தாண்டும் ஓட்டமெல்லாம் இங்கே கிடையாது. வெறும் புல்லில் வேகம் மட்டும், வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வரை.

டெர்பி ஜூன் கடைசியில் வரும். முதல் தடவை வருகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது என்பேன். டிக்கெட் விலை ஏறும், ரயிலில் நிற்க இடம் இருக்காது, முன்னால் நிற்கும் தொப்பிகளுக்கு நடுவே குதிரையைத் தேட வேண்டும். நாங்கள் ஆகஸ்டில் ஒரு சாதாரண சனிக்கிழமையைப் பிடித்தோம். ஆனால் மாமாவுக்கு ஒரு நாள் போதாது. "குதிரை பிறக்கிற இடத்தையும் பார்க்கணும்" என்றார். எனவே இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டோம்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து கில்டேருக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. எங்களோடு இறங்கிய கூட்டம் முழுவதும் வெளியே நின்ற ஒரு பஸ்ஸை நோக்கி ஓடியது. குதிரை பார்க்க இத்தனை பேரா என்று மாமா அசந்துபோனார். விசாரித்தால் அது ஊருக்கு வெளியே உள்ள தள்ளுபடித் துணிக்கடை வளாகத்துக்குப் போகும் பஸ். ஊருக்குள் நடந்தது நாங்கள் இருவர் மட்டும்.

சின்ன ஊர். நடுவில் ஒரு சதுக்கம், அதன் பக்கத்தில் புனித பிரிஜிட்டின் தேவாலயம், அதை ஒட்டி 12-ம் நூற்றாண்டு வட்டக் கோபுரம். 30 மீட்டருக்கு மேல் உயரம், உள்ளே ஏணி ஏணியாக ஏற வேண்டும். மாமாவின் முழங்காலை உத்தேசித்து அண்ணாந்து பார்த்ததோடு விட்டோம். பிரிஜிட் கதைதான் முக்கியம். மடம் கட்ட நிலம் வேண்டும் என்று லென்ஸ்டர் அரசனிடம் கேட்டாளாம். அவன் மறுத்தான். என் போர்வை மூடுகிற அளவாவது கொடு என்றாள். சரி என்று சிரித்தான். விரித்த போர்வை நாலா பக்கமும் ஓடி, கரா சமவெளி முழுவதையும் மூடிவிட்டது.

"வாமன அவதாரம்," என்றார் மாமா. "இங்கேயும் ராஜா ஏமாந்துதான் போயிருக்கான்."

இரவு பப்பில் எனக்கு மாட்டுக்கறி ஸ்டூ, மாமாவுக்கு உருளைக்கிழங்கு சூப்பும் பழுப்பு ரொட்டியும். காலையில் ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டும்.


இரண்டாம் நாள்: வெள்ளி

டாக்ஸிக்காரர் எங்களைச் சமவெளியின் நடுவில் ஒரு சாலையோரம் இறக்கிவிட்டு, "வெள்ளை வேலி போட்ட பாதைக்குள் போகாதீர்கள், குதிரைக்குத்தான் முதல் உரிமை" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி ஆறரை. பனி தரையோடு படிந்திருந்தது.

கராவைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நேரில் நின்றால்தான் தெரிகிறது. சுமார் 5000 ஏக்கர், பெரும்பாலும் வேலியே இல்லாத புல்வெளி. அங்கங்கே மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர், மற்றபடி பார்வை போகும் தூரம் வரை புல். ஏரால் உழாத நிலம். ஆடுகள் சுதந்திரமாக மேய்கின்றன. யார் வீட்டு ஆடு என்று தெரிய முதுகில் நீலமும் சிவப்பும் பூசியிருக்கிறார்கள். சாலையில் ஆடு படுத்திருந்தால் கார்தான் சுற்றிப் போகிறது.

குதிரைக்காரர்கள் இந்தப் புல்லை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பதற்குக் காரணம் அடியில் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே ஆழமான சரளைப் படிவம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்து இறங்கிவிடும். மேலே பல நூற்றாண்டு ஆடு மேய்ந்து மேய்ந்து மெத்தையாக இறுகிய புல். குளம்பு பதியும், ஆனால் புதையாது. சுற்றுவட்டாரத்துப் பயிற்சியாளர்கள் எல்லாம் தினமும் காலையில் இங்கேதான் குதிரைகளைக் கொண்டுவருகிறார்கள்.

முதலில் சத்தம்தான் வந்தது. குதிரை கண்ணுக்குத் தெரியவில்லை. பனிக்குள் யாரோ அடுக்கடுக்காகத் தும்முவது போல ஒரு மூச்சுச் சத்தம். அப்புறம் தரை அதிர்ந்தது. இரண்டிரண்டாகப் பத்துப் பன்னிரண்டு குதிரைகள், மேலே ஆட்கள் சேணத்தில் உட்காராமல் குனிந்து நின்றபடி, எங்களை முப்பது அடி தூரத்தில் கடந்து மேட்டில் ஏறிப் போயின. முழு வேகம் இல்லையாம், "சும்மா கான்டர்" என்றார் மாமா. திரும்பும்போது மெல்ல நடந்து வந்தன. உடம்பிலிருந்து ஆவி எழுந்தது. ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். மாமா ஏனோ சல்யூட் வைத்தார்.

கிண்டியில் அவர் இவ்வளவு பக்கத்தில் குதிரையைப் பார்த்ததில்லையாம். "அங்கே காலையில டிராக் வொர்க் பார்க்கப் போனா வாட்ச்மேன் விரட்டுவான்," என்றார். அந்த மைதானத்தின் குத்தகையை 2024-ல் தமிழக அரசு ரத்து செய்தது. செய்தியைப் படித்த அன்று மாமா என்ன நினைத்தார் என்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் ஐரிஷ் நேஷனல் ஸ்டட். கில்டேர் ஊரிலிருந்து நடந்தே போகலாம். குதிரையில் ஆர்வமே இல்லாதவர்கள்கூட இதை விடக் கூடாது, முக்கியமாக நம்மவர்கள். ஏனென்றால் இது ஜாதகம் பார்த்துக் கட்டிய குதிரைப் பண்ணை.

1900-ல் இந்த இடத்தை வாங்கியவர் கர்னல் வில்லியம் ஹால் வாக்கர். பீர் ஆலைப் பணம் உள்ள ஸ்காட்லாந்துக் குடும்பம். பக்கத்தில் ஓடும் டல்லி ஓடையின் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குட்டிகளுக்கு எலும்பு கெட்டிப்படும் என்று கணக்குப் போட்டு இடத்தைப் பிடித்தார். இதுவரை அறிவியல். அதற்கப்புறம், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த நேரத்தைக் குறித்து ஜாதகம் கணித்தார். கிரகம் சரியில்லை என்றால் குட்டியை விற்றுவிடுவார். அது எவ்வளவு நல்ல வம்சமாக இருந்தாலும் சரி. லாயங்களின் கூரையில் கண்ணாடி வைத்த கூண்டு கட்டினார், நிலவும் நட்சத்திரமும் உள்ளே இருக்கும் குதிரை மேல் படுவதற்காக. அந்தக் கூரைகள் இன்றும் இருக்கின்றன. நான் ஒன்றுக்கு அடியில் நின்று பார்த்தேன். பகல் என்பதால் மேகம்தான் தெரிந்தது.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ஜெயிச்சாரா?" என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். ஜெயித்தார். அவர் வளர்த்த மினோரு என்ற குதிரையை மன்னர் ஏழாம் எட்வர்டுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அது 1909-ல் இங்கிலாந்து டெர்பியை வென்றது. ஆட்சியில் இருக்கும் மன்னரின் குதிரை டெர்பி வென்றது அதுதான் முதல் தடவை. மாமா என்னைப் பார்த்த பார்வையில், ஏதோ அவரே ஜாதகம் கணித்தது போல இருந்தது.

மினோரு என்பது ஒரு ஜப்பானியப் பையனின் பெயர். அவனுடைய அப்பா டாசா எய்டா, ஹால் வாக்கர் வரவழைத்த தோட்டக் கலைஞர். 1906 முதல் 1910 வரை பண்ணையை ஒட்டி ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைத்தார். ஒரு மனித வாழ்க்கையே அதில் நடைபாதையாகப் போகிறது. பிறப்பு என்று ஒரு குகையில் தொடங்கி, அறியாமைச் சுரங்கம், கல்விக் குன்று, திருமணப் பாலம், லட்சியக் குன்று என்று ஏறி இறங்கி நித்தியத்தின் வாசலில் முடிகிறது. லட்சியக் குன்றின் படிகள் செங்குத்து. மாமா கீழேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நான் ஏற்கெனவே ஏறி இறங்கியாச்சு," என்றார்.

1915-ல் ஹால் வாக்கர் பண்ணையை பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு அது அயர்லாந்து அரசின் கைக்கு வந்தது. இன்று இங்கே நடப்பது சுத்தமான வியாபாரம். பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது. பெட்டைக் குதிரையை இங்கேதான் கொண்டுவர வேண்டும். பெயர்போன பொலிகுதிரை என்றால் ஒரு தடவைக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல்கூடக் கட்டணம் போகும். வட அரைக்கோளத்தில் எந்த மாதம் பிறந்த பந்தயக் குட்டிக்கும் வயது ஜனவரி 1-ல் ஒன்று கூடிவிடும். ஜனவரி கடைசியில் பிறந்ததும் மே மாதம் பிறந்ததும் ஏட்டில் ஒரே வயது. அதனால் எல்லோருக்கும் சீக்கிரம் பிறந்த குட்டிதான் வேண்டும். பெட்டைக் குதிரைகளுக்குக் குளிர்காலத்திலேயே லாயத்தில் விளக்கைப் போட்டுவைத்து, வசந்தம் வந்துவிட்டது என்று நம்பவைத்துச் சினைக்குத் தயார் செய்கிறார்கள். ஹால் வாக்கர் நட்சத்திர வெளிச்சத்தைத் தேடினார், இவர்கள் பல்பு மாட்டிவிட்டார்கள்.

மேய்ச்சலில் குட்டிகள் தாயை உரசிக்கொண்டு நின்றன. கால்கள் மட்டும் வளர்ந்து உடம்பு பிறகு வரட்டும் என்று விட்டது போன்ற தோற்றம். இன்னொரு புல்வெளியில் ஓய்வு பெற்ற சாம்பியன்கள். அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை, வருகிறவர்களுக்கு முகம் காட்டினால் போதும். மாமா அங்கே வெகுநேரம் நின்றார்.

மியூசியத்தில் ஆர்க்கிளின் எலும்புக்கூடு நிற்கிறது. 1964, 65, 66 என்று தொடர்ந்து மூன்று வருடம், வேலி தாண்டும் ஓட்டத்தில் இங்கிலாந்தின் பெரிய பந்தயமான செல்ட்டனம் கோல்டு கப் வென்ற குதிரை. அயர்லாந்துக்காரர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணிகிறது. இறந்த குதிரையை இப்படி நிற்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமாவுக்கோ அதன் மார்புக்கூடு எவ்வளவு அகலம் என்பதில்தான் கவனம்.

திரும்பும் வழியில் டாக்ஸிக்காரர், கேட்காமலே, நியூபிரிட்ஜ் பக்கம் கையைக் காட்டி "ஷெர்கார் அங்கேதான் போனது" என்றார். 1981-ல் இங்கிலாந்து டெர்பியைப் பத்துக் குதிரை நீள இடைவெளியில் ஜெயித்து, கராவில் ஐரிஷ் டெர்பியையும் ஜெயித்த குதிரை. ஒரு கோடி பவுண்டு மதிப்பு. 1983 பிப்ரவரி 8 இரவு, பாலிமேனி பண்ணைக்குள் துப்பாக்கியோடு வந்தவர்கள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவின் ஆட்கள்தான் என்பது பரவலான நம்பிக்கை. குதிரை திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நேற்று நடந்தது போலச் சொன்னார். "அந்த ராத்திரி பனி," என்றார், அதுதான் முக்கியம் என்பது போல.


மூன்றாம் நாள்: சனி, பந்தயம்

முதலில் போகிறவர்களுக்கு வேண்டிய விஷயங்கள். பந்தய நாளில் ரயில் நிலையத்திலிருந்து மைதானத்துக்குப் பஸ் விடுகிறார்கள், நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுங்கள். பெரியவர்களோடு வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கோட்டு சூட்டு கட்டாயம் இல்லை, ஆனால் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம். ஆகஸ்ட் என்று நம்பி மாமா அரைக்கைச் சட்டையில் கிளம்பினார். மரமே இல்லாத சமவெளியில் அடிக்கும் காற்று எப்படி இருக்கும் என்று நேற்றே தெரிந்திருக்க வேண்டும். என் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் நடுங்கினேன். குடை வேண்டாம், நிமிடத்தில் திரும்பிவிடும்.

பார்வையாளர் மாடம் 2019-ல் திறந்தது, சுமார் 8 கோடி யூரோ செலவு. செம்பு நிறத்தில் ஒரு பெரிய கூரை, மேலே யாரோ தட்டு கவிழ்த்துவைத்தது போல. திறந்த புதிதில் பலத்த காற்றடித்தால் இந்தக் கூரை விசிலடிக்கிறது என்று பத்திரிகைகளில் வந்து ஊரே சிரித்தது. இன்று காற்று இருந்தது, விசில் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

வாசலில் ரேஸ் புத்தகம் வாங்கியதும் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார். அது எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது.

புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் 3-1420 என்பது போல எண்கள் இருக்கும். முன்பு ஓடிய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது என்ற கணக்கு. கடைசியில் இருப்பதுதான் சமீபத்தியது, சின்னக் கோடு போன வருடத்தைப் பிரிக்கிறது, பூஜ்யம் என்றால் பின்னால் எங்கேயோ வந்தது. அடைப்புக்குள் இருப்பது புறப்படும் பெட்டியின் எண். எடை இன்னும் ஸ்டோன் கணக்கில்தான், ஒரு ஸ்டோன் ஆறு கிலோ சொச்சம். தூரம் ஃபர்லாங்கில், எட்டு சேர்ந்தால் ஒரு மைல். தரை எப்படி இருக்கிறது என்று ஒரு சொல்லில் போட்டிருப்பார்கள். இன்று 'யீல்டிங்', அதாவது கொஞ்சம் இளகிய தரை. "இதுதான் முதல்ல பார்க்கணும். சில குதிரைக்கு ஈரம் ஆகாது," என்றார் மாமா.

ஏழு ரேஸ். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல். ஓட்டம் ஒரு நிமிடமோ இரண்டரை நிமிடமோதான். முதல் தடவை வருகிறவர்கள் மாடத்தில் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் பீர் குடிக்கிறார்கள். நானும் இடம் பிடிக்கத்தான் பார்த்தேன். மாமா கையைப் பிடித்து இழுத்தார். "சீட்டு எதுக்குடா? பேடாக்குக்கு வா."

பேடாக் என்று அவர் சொன்னது மாடத்துக்குப் பின்னால் உள்ள பரேட் ரிங். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம். வேலியில் சாய்ந்து நின்றால் ஐந்தடி தூரத்தில் குதிரை. மாமா எதையும் சுட்டிக்காட்டவில்லை, முனகினார், அவ்வளவுதான். "அதைப் பாரு, பின்னங்கால் வைக்கிறது முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுது. அதான் நடை." "இது வேர்த்துப்போச்சு, ரேஸை இங்கேயே ஓடி முடிச்சிடுச்சு." "காதைப் பாரு. முன்னாடி நிக்குது. இஷ்டப்பட்டு வந்திருக்கு." நாற்பது வருடமாக எங்கே வைத்திருந்தாரோ.

ஜாக்கிகள் பட்டுச் சட்டையில் வந்து ஏறினார்கள். பெரிய முதலாளிகளை நிறத்திலேயே கண்டுபிடிக்கலாம். கருநீலம் என்றால் கூல்மோர் பண்ணைக் கூட்டாளிகள், பச்சையில் சிவப்புத் தோள் என்றால் ஆகா கான் பண்ணை, அரச நீலம் துபாய்க்காரர்களின் கோடால்ஃபின். கருநீலச் சட்டைக் குதிரைகள் பெரும்பாலும் டிப்பரரி மாவட்டத்தில் ஏடன் ஓ பிரையன் பயிற்சி கொடுப்பவை. அவர் மட்டுமே ஐரிஷ் டெர்பியைப் பதினைந்து தடவைக்கு மேல் ஜெயித்திருக்கிறார்.

இரண்டாவது ரேஸுக்கு நான் கட்டலாம் என்று முடிவு செய்தேன். அத்தையின் நிபந்தனை மாமாவுக்குத்தானே. கட்ட இரண்டு வழி. டோட் என்றால் எல்லோர் பணமும் ஒரே குடத்தில், ஓட்டம் முடிந்த பிறகுதான் விகிதம் தெரியும். புக்கிகள் என்றால் அவர்கள் பலகையில் மின்னும் விகிதத்தில் உடனே பேரம் முடிந்தது. 5/1 என்றால் ஒன்றுக்கு ஐந்து லாபம், கட்டியதும் திரும்ப வரும். புக்கி வரிசையில் ஒரு பெரியவரிடம் போய், ஏழாம் நம்பர், ஐந்து யூரோ, 'ஈச் வே' என்றேன். பத்து யூரோ வாங்கிக்கொண்டார். ஏமாற்றுகிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். மாமா பின்னால் இருந்து, "முட்டாள், அது ரெண்டு பெட்டு," என்றார். ஐந்து ஜெயிப்பதற்கு, ஐந்து முதல் மூன்று இடத்துக்குள் வருவதற்கு.

ஓட்டம் தொடங்குவது கண்ணுக்கு எட்டாத தூரத்தில். கரா, குதிரை லாடம் போல வளைந்த வலப்பக்க ஓடுபாதை. எதிர்க் கோடியில் வண்ணப் புள்ளிகள் நகர்வது மட்டும் தெரியும், மற்றதைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், வர்ணனையைக் கேட்க வேண்டும். வளைவு திரும்பி நேர்பாதைக்கு வந்த பிறகு கடைசி மூன்று ஃபர்லாங் மேடு. டிவியில் இந்த மேடு தெரிவதே இல்லை. வேலியோரம் நின்றால் தெரியும். முன்னால் வந்த குதிரைகள் திடீரென்று மெதுவாகிவிட்டது போல இருந்தது. கூட்டத்தின் சத்தத்தை மீறிக் குளம்புச் சத்தம் வந்தது, அதையும் மீறி ஜாக்கிகள் ஒருவரையொருவர் திட்டுவது கேட்டது. புல் கட்டிகள் பறந்தன. எல்லாம் பத்து வினாடி.

என் குதிரை மூன்றாவது. சீட்டைக் கசக்கப் போனேன். மாமா கையைத் தட்டினார். ஜாக்கிகள் இறங்கி மறுபடி எடை பார்த்து, எல்லாம் சரி என்று ஒலிபெருக்கியில் 'வின்னர் ஆல்ரைட்' சொல்லும் வரை எந்தச் சீட்டையும் எறியக் கூடாது. அப்புறம் கணக்குச் சொன்னார். என் விகிதம் 10/1. இடத்துக்கான பங்கு அதில் ஐந்தில் ஒன்று, அதாவது 2/1. ஐந்து யூரோவுக்குப் பத்து லாபம், போட்ட ஐந்தும் சேர்ந்து பதினைந்து. மற்ற ஐந்து போச்சு. மொத்தத்தில் ஐந்து யூரோ ஜெயித்திருக்கிறேன். அதில் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கினோம், அதற்கு மேல் கொஞ்சம் போட வேண்டியிருந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவது உத்தமம்.

சுற்றிலும் தள்ளுவண்டியில் குழந்தை, ஐஸ்கிரீம் தின்னும் பிள்ளைகள், பெஞ்சில் தூங்கும் தாத்தா. ஒரு பாட்டி தன் பேத்திக்கு ரேஸ் புத்தகத்தில் பெயர் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாமா அதைக் கவனித்தார். "நம்ம ஊர்ல ரேஸுக்குப் போறவன்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்க," என்றார். "உங்க அத்தை வீட்ல தெரியாமத்தான் குடுத்தாங்க." இங்கேயும் குடும்பங்கள் இதில் அழிந்திருக்கும். அது சனிக்கிழமை ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் நிற்பதால் கண்ணில் படவில்லை.

மூன்றாவது ரேஸிலிருந்து எங்களுக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. பேடாக், வேலி, மறுபடி ஜெயித்த குதிரை திரும்பும் இடம். மாமா ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால் திரும்பி நின்று புத்தகத்தில் எதையோ குறித்தார், காட்டவில்லை. ஐந்தாவதில் கடைசி நூறு மீட்டரில் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, சொல் இல்லை. பக்கத்தில் நின்ற சிவந்த முகத்துக்காரர் அவர் தோளைத் தட்டி, "உங்களுடையதா?" என்றார். மாமா ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு யூரோகூடக் கட்டாதவர்.


நான்காம் நாள்: ஞாயிறு

ரயில் மதியம். காலையில் டானலி பள்ளத்துக்குப் போனோம். சமவெளியின் நியூபிரிட்ஜ் பக்க ஓரத்தில் கிண்ணம் போன்ற ஒரு பள்ளம், நடுவில் சின்னக் கல்தூண். 1815 டிசம்பரில் டான் டானலி என்ற டப்ளின்காரர் ஜார்ஜ் கூப்பர் என்ற ஆங்கிலேயக் குத்துச்சண்டை வீரரை 11 சுற்றில் வீழ்த்திய இடம். கையுறை இல்லாத சண்டை. சரிவு முழுவதும் ஆயிரக்கணக்கில் ஜனம். ஜெயித்துவிட்டு அவர் மேடேறிப் போன காலடித் தடங்கள் இன்னும் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் அதே குழிகளில் கால் வைத்து ஏறுவதால் அவை மூடவே இல்லை. டானலி 1820-ல் இறந்த பிறகு கல்லறையைத் தோண்டி உடலைத் திருடினார்கள். அவருடைய வலக்கை மட்டும் பதப்படுத்தப்பட்டுப் பல காலம் கில்கல்லனில் ஒரு பப்பில் காட்சிக்கு இருந்தது.

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் குழியில் கால் வைத்தார். தடங்கள் ரொம்ப இடைவெளி. ஆறாவதில் நின்றுவிட்டார். நான் மேலே ஏறித் திரும்பிப் பார்த்தபோது, ரேஸ் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் செம்புக் கூரை தெரிந்தது.

ரயிலில் அவர் தூங்கியபோது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஏழு ரேஸுக்கும் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. முடிவுகளை போனில் எடுத்து ஒத்துப் பார்த்தேன். மூன்று முதலிடம், ஒரு இரண்டாமிடம். விகிதத்தைப் பெருக்கத் தொடங்கியபோது மாமா கண்ணைத் திறக்காமல், "கூட்டாதே," என்றார்.

ஹியூஸ்டனில் இறங்கும்போது அத்தை அழைத்தார். மாமா பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"எவ்வளவுப்பா விட்டாரு?"

"ஒரு பைசா கட்டலை அத்தை. சத்தியமா."

"சும்மா சொல்லாதே. எண்பத்தி ரெண்டுல பேசின அதே குரல்ல பேசறாரு."